லைசென்ஸ் வந்தாச்சு, எந்தத் தோட்டா வாங்குறது? நம்ம செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

போன மாசம் மச்சினன் தேவகோட்டையில இருந்து போன் பண்ணான். "அத்தான், லைசென்ஸ் வந்துருச்சு, ரிவால்வருக்கும் பணம் கட்டியாச்சு, எந்த புல்லட்டு நல்ல பவர்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்"னான். நான் திருப்பிக் கேட்டேன், "உன் வீட்டு முகப்புல நின்னா பின்கட்டுக் கதவு தெரியுமாடா?" அவனுக்கு ஒன்னும் ஓடல, நான் ஏதோ பேச்சை மாத்துறேன்னு நினைச்சுட்டான். பேச்சையெல்லாம் மாத்தல, தோட்டா தேர்வுல நான் கேக்குற முக்கியமான கேள்வியே அதுதான், ஏன்னு கீழ வரும்.

என்னைப் பத்தி ஒரு வரி. போலீசும் இல்ல, மிலிட்டரியும் இல்ல. அப்பச்சி காலமான பிறகு அவங்க ரிவால்வர் வாரிசு முறையில என் பேருக்கு மாறி 12 வருஷம் ஆகுது, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ரேஞ்சுக்குப் போய் சுட்டுப் பழகுறேன், அவ்வளவுதான் அனுபவம். வீட்டுக்குள்ள அதை எடுக்க வேண்டிய நாள் இதுவரைக்கும் வரல, இனியும் வராம பிள்ளையார்பட்டியான் பாத்துக்கட்டும். ஆனா நம்ம பக்கத்து நிலைமை தெரிஞ்சதுதானே, வருஷத்துல பத்து மாசம் பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு நடுவுல ஒரு பெரிய வீட்டுல ஆச்சியும் செட்டியாரும் ஒரு வாட்ச்மேனும் மட்டும் இருக்காங்க, அதனால லைசென்ஸ் கேக்குறவங்க இருக்கத்தான் செய்றாங்க. புதுசா வாங்கினவங்களுக்காக எழுதுறேன்.

முதல் வேலை: லைசென்ஸ் புக்கை உக்காந்து படிங்க

சிரிக்காதீங்க, பாதிப் பேர் படிக்கிறதே இல்ல. கலெக்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வாங்கி பீரோவுல வச்சிட்டு நேரா கடைக்குப் போயிடுறாங்க. அதுல நாலு விஷயம் பாக்கணும். என்ன ஆயுதம், ரிவால்வரா பிஸ்டலா. என்ன போர், அதாவது குழாயோட உள் அளவு, அதுக்கு ஏத்த தோட்டாதான் போகும். ஒரே நேரத்துல கையில எத்தனை ரவுண்டு, அதாவது தோட்டா, வச்சுக்கலாம், வருஷத்துக்கு மொத்தம் எத்தனை வாங்கலாம். எந்தத் தேதி வரைக்கும் செல்லும். 2019 திருத்தச் சட்டத்துக்கு அப்புறம் லைசென்ஸ் 5 வருஷம் செல்லும், ஒருத்தர் பேர்ல 2 ஆயுதம்தான் இருக்கலாம், முன்னாடி 3 வருஷமாவும் 3 ஆயுதமாவும் இருந்துச்சு. ரவுண்டு கணக்கு உங்க புக்குல என்ன எழுதியிருக்கோ அதுதான் உங்களுக்குச் சட்டம், பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வேற எண்ணிக்கை இருந்தா அது அவருக்கு.

போர் விஷயம் கொஞ்சம் விளக்கமா சொல்லணும். யூடியூப்ல பாக்குற அமெரிக்கா வீடியோ எல்லாம் பாயிண்ட் 38 ஸ்பெஷல், 357 மேக்னம்னு பேசும், அதைப் பாத்துட்டு நம்ம ஆளு கடையில போய் அதைக் கேப்பான். நம்ம நாட்டுல 9 எம்.எம்., பாயிண்ட் 38 ரிவால்வர் மாதிரி படையும் போலீசும் வச்சிருக்கிற போர் எல்லாம் தடை செஞ்ச போர் கணக்குல போகும், கலெக்டர் குடுக்கிற சாதாரண லைசென்ஸ்ல அது வராது. அதனால ரிவால்வர்னா நமக்கு நடைமுறையில பாயிண்ட் 32 தான். கான்பூர்ல அரசாங்க ஃபேக்டரி பண்ற ரிவால்வர் பெரும்பாலும் அந்த போர்தான், 2014ல பொம்பளைங்களுக்குன்னு வந்த நிர்பீக்கும் சரி, 2023ல வந்த பிரபலும் சரி. பாயிண்ட் 22ல ஒன்னு இருக்கு, ஆனா அந்தத் தோட்டாவுல பிரைமர்னு, அதாவது பத்த வைக்கிற பொட்டுன்னு, தனியா கிடையாது, அடி விளிம்புக்குள்ளயே மருந்து இருக்கும், சுடாமப் போற வாய்ப்பு அதுல கொஞ்சம் ஜாஸ்தி, காவலுக்குன்னா நான் பாயிண்ட் 32 தான் சொல்லுவேன்.

ரெண்டு பாயிண்ட் 32 இருக்கு, இதுலதான் ஏமாறுவீங்க

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பத்தி படிப்பேன்னா இதைப் படிங்க. பாயிண்ட் 32னு பேர் இருக்கிற தோட்டா கடையில ரெண்டு விதம் இருக்கும். ஒன்னு ரிவால்வருக்கு, 32 ஸ்மித் அண்ட் வெசன் லாங். இன்னொன்னு பிஸ்டலுக்கு, 32 ஏ.சி.பி., அதையே 7.65னும் சொல்லுவாங்க. பேரு ஒன்னு, ஆளு வேற. ரிவால்வர் தோட்டாவோட பித்தளைக் கூடு 23 மில்லிமீட்டர் நீளம், அடியில விளிம்பு நல்லா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். பிஸ்டல் தோட்டாக் கூடு 17 மில்லிமீட்டர்தான், குட்டையா இருக்கும், விளிம்பு இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் இருக்கும்.

வில்லங்கம் என்னன்னா அந்தக் குட்டைத் தோட்டா சில ரிவால்வர் சேம்பர்ல, அதாவது சுத்துற சிலிண்டர்ல தோட்டா போடுற குழியில, போய் உக்காந்துரும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். போகுதே வெடிக்குதேன்னு யாரும் பழகிடாதீங்க. பிஸ்டல் தோட்டாவுல அழுத்தம் ஜாஸ்தி, உங்க ரிவால்வர் அந்த அழுத்தத்துக்குச் செஞ்சது இல்ல, விளிம்பு சரியாப் பிடிக்காம ஊசி அடிக்கிறப்ப முன்னாடி நகர்ந்து சுடாமலும் போகும். ராத்திரி ரெண்டு மணிக்கு அது தெரிய வந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

எனக்கே நடந்துச்சு. ஒரு கடையில கூட்டம், புதுப் பையன் ஒருத்தன் கவுண்டர்ல, நான் பாயிண்ட் 32னு மட்டும் சொன்னேன், அவன் எடுத்துக் குடுத்தான், நான் டப்பாவைத் திறந்துகூடப் பாக்காம புக்குல பதிஞ்சு வாங்கிட்டு பஸ் ஏறி வீடு வந்தாச்சு. வீட்டுல வந்து பாத்தா குட்டைத் தோட்டா. என் லைசென்ஸ்ல ரிவால்வர்னு போட்டிருக்கு, கையில பிஸ்டல் தோட்டா, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் காலையில முதல் பஸ்ல ஓடிப்போய் மாத்தி, பதிவை அடிச்சுத் திருத்திக் கையெழுத்து வாங்கினதுக்கு அப்புறம்தான் காபி குடிச்சேன். அன்னையில இருந்து கடையில "ரிவால்வர் தோட்டா, 32 லாங்"னு முழுசா சொல்றதும் ஒரு தோட்டாவைக் கையில வாங்கி அடியைப் பாக்குறதும் வழக்கம்.

அடியில என்ன பாக்கணும்னா, பித்தளையில வட்டமா எழுத்து அடிச்சிருக்கும். நம்ம கடைகள்ல பெரும்பாலும் கிடைக்கிறது புனே பக்கத்துல கட்கியில இருக்கிற ஆம்யூனிஷன் ஃபேக்டரி சரக்கு, 1869ல ஆரம்பிச்ச ஃபேக்டரி, அந்த ஊரை வெள்ளைக்காரன் கிர்க்கின்னு எழுதினதால இன்னைக்கு வரைக்கும் தோட்டாவுல கே.எஃப்.னுதான் இருக்கும். 2021 அக்டோபர்ல ஆர்டினன்ஸ் போர்டைப் பிரிச்சு ஏழு கம்பெனி ஆக்கினப்ப இது மியூனிஷன்ஸ் இந்தியா கீழ போயிருச்சு.

பழைய ரிவால்வர் இருக்கிறவங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஐயா காலத்துல பர்மாவுலயும் மலேயாவுலயும் இருந்து வந்த சாமான்ல சில வீட்டுல பழைய ரிவால்வரும் உண்டு, முறையா லைசென்ஸ்ல இருக்கு. அதுல சிலது 32 ஷார்ட்டுக்குச் செஞ்சது, 1878ல வந்த சின்னத் தோட்டா, அதுல லாங் தோட்டா முழுசா இறங்காது. இறங்கலைன்னா அமுக்காதீங்க. பேரல் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, எழுத்துத் தேஞ்சு போயிருந்தா ஒரு நல்ல ஆர்மரர்கிட்ட, அதான் துப்பாக்கி பழுது பாக்குறவர்கிட்ட, காட்டுங்க. சுட்டே ஆகணும்னு ஒன்னும் இல்ல, காட்சிக்கு இருந்துட்டுப் போகட்டும்.

எந்த மூக்கு?

தோட்டான்னா நாலு பொருள்: பித்தளைக் கூடு, அடியில பிரைமர், உள்ள மருந்து, முன்னாடி குண்டு. ட்ரிகர் இழுத்தா ஊசி பிரைமரை அடிக்கும், அது பத்தி மருந்து எரியும், குண்டு போகும். குண்டோட மூக்கு எப்படி இருக்குங்கிறதைத்தான் எல்லாரும் சண்டை போட்டுப் பேசுவாங்க.

உருண்டை மூக்கு, நம்ம கடையில சாதாரணமா கிடைக்கிறது இதுதான். சேம்பர்ல வழுக்கிக்கிட்டு உள்ள போகும், பதட்டத்துல லோடு பண்றவனுக்கு அது பெரிய வசதி. தட்டை மூக்கு, வாட்கட்டர்னு சொல்றது, போட்டி ஷூட்டிங்குக்கு வந்தது. பேப்பர் டார்கெட்ல பஞ்ச் மெஷின் போட்ட மாதிரி வட்டமா ஓட்டை போடும், அதனால 25 மீட்டர் செண்டர் ஃபயர் போட்டியில உலகம் முழுக்க இதே 32 லாங் வாட்கட்டரைத்தான் பயன்படுத்துறாங்க. ஆனா அந்தத் தட்டை விளிம்பு சேம்பர் வாயில முட்டும், அவசரத்துல லோடு பண்ண முடியாது. மூணாவது ஹாலோ பாயிண்ட், மூக்குல குழி, உடம்புக்குள்ள போனா விரிஞ்சு நின்னுரும்னு சொல்றது, வீடியோ எல்லாம் இதைத்தான் புகழும்.

இந்த ஹாலோ பாயிண்ட் நம்ம கவுண்டர்ல சாதாரணமா கிடைக்காது, கிடைக்கலைன்னு நான் வருத்தப்படவும் மாட்டேன். காரணம் சொல்றேன். குழி விரியணும்னா வேகம் வேணும். 32 லாங் தோட்டாவோட குண்டு 98 கிரெயின், அதாவது ஆறு கிராம் சொச்சம், நம்ம கணக்குல முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் மேல. அது செகண்டுக்கு 210ல இருந்து 230 மீட்டர் வேகத்துல போகும், சின்ன பேரல்னா இன்னும் குறையும். பாயிண்ட் 38 ஸ்பெஷல்ல வழக்கமான குண்டு ஒன்னேகால் பவுனுக்கு மேல இருக்கும். நம்ம தோட்டாவோட வேகத்துக்குக் குழி ஒழுங்கா விரியும்னு நம்ப முடியாது, அரைகுறையா விரிஞ்சா ஆழமும் போகாது. 1986ல மியாமியில நடந்த துப்பாக்கிச் சண்டையில ரெண்டு எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்திய போலீஸ்) ஆளுங்க செத்ததுக்கு அப்புறம் அவங்க தோட்டாவை ஜெலட்டின் கட்டியில சுட்டுப் பாத்து, குறைஞ்சது 12 இன்ச் ஆழம் போகணும்னு வச்சாங்க, அந்தச் சண்டையில ஒரு விரியுற குண்டு இதயத்துக்கு முன்னாடியே நின்னு போச்சுங்கிறதுதான் அவங்களை யோசிக்க வச்சது. வேகம் கம்மியான தோட்டாவுக்கு உருண்டை மூக்கே மேல், விரியாது, ஆனா ஆழம் போகும்.

பாயிண்ட் 32ன்னா பொம்மைன்னு சில பேர் கிண்டல் பண்ணுவாங்க. 1896ல வந்த தோட்டா, அதே வருஷம் தியடோர் ரூஸ்வெல்ட், பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்தான், நியூயார்க் போலீஸ் கமிஷனரா இருந்தப்ப அந்த போலீசுக்குக் குடுத்தது பாயிண்ட் 32 கோல்ட் ரிவால்வர். பலம் கம்மிதான், ஒத்துக்கிறேன். ஆனா உதை கம்மி, அடுத்தடுத்த குண்டு குறி தவறாது, 60 வயசு ஆச்சிகூடக் கையாளலாம். குறி தவறுற பெரிய தோட்டாவை வச்சு என்ன பண்ணப்போறோம்?

இப்ப வீட்டைப் பாருங்க

மச்சினன்கிட்ட கேட்ட கேள்விக்கு வர்றேன். நம்ம பெரிய வீடுங்க ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு வரிசையா இருக்கும், கதவெல்லாம் ஒரே நேர்கோட்டுல வச்சிருப்பாங்க, முகப்புல நின்னா பின்வாசல் வெளிச்சம் தெரியும், காத்தோட்டத்துக்கு அதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. குண்டோட்டத்துக்கும் அதே கதைதான். நீங்க ரெண்டாங்கட்டுல நின்னு முகப்பைப் பாத்து சுட்டு குறி தப்பினா குண்டு தெருவுக்குப் போயிரும், நடுவுல தடுக்க ஒன்னுமே இல்ல. தெருவுல பால்காரர் போவாரு, எதிர்வீட்டுத் திண்ணையில யாராவது படுத்திருப்பாங்க.

அதனால தோட்டா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் வெறுங்கையோட வீட்டைச் சுத்தி நடங்க, ரிவால்வரை எடுக்க வேண்டாம். எங்க படுப்பீங்க, பிள்ளைங்க எங்க படுக்கும், வாட்ச்மேன் கட்டில் எங்க. யாராவது உள்ள வந்தா எந்த வழியா வருவான், அவனுக்குப் பின்னாடி என்ன இருக்கும். பின்னாடி ஒன்றரை அடிச் செங்கல் சுவர் இருந்தா அது தடுப்பு, பாயிண்ட் 32 அதைத் தாண்டாது. பின்னாடி திறந்த கதவோ ஜன்னலோ இருந்தா அந்தத் திசையில சுடக் கூடாது, அவ்வளவுதான், எந்தத் தோட்டா போட்டாலும்.

பழைய சுவரை நம்பலாம், புதுத் தடுப்பை நம்பாதீங்க. பாகம் பிரிச்சப்ப பல வீட்டுல வளவு நடுவுல பிளைவுட் அடிச்சு ரெண்டாக்கியிருக்காங்க, சில இடத்துல ஜிப்சம் போர்டு, மொட்டை மாடியில தகர ஷெட் போட்டு வாடகைக்கு விட்டிருக்காங்க. இதையெல்லாம் 32 லாங் சுலபமாத் துளைச்சுக்கிட்டுப் போகும், தடுப்புக்கு அந்தப் பக்கம் பங்காளி வீட்டுப் பிள்ளை தூங்கும். அந்தப் பக்கம் சுவர் கிடையாது, மனுஷங்கதான் இருக்காங்கன்னு நினைச்சுக்கோங்க.

அடுத்தது தெறிப்பு. வளவுல கருங்கல் தூண், சில வீட்டுல வார்ப்பு இரும்புத் தூண், கீழ ஆத்தங்குடிக் கல்லோ இத்தாலி மார்பிளோ. சாய்வா பட்ட குண்டு இதுல எல்லாம் வழுக்கித் திசை மாறும், ஈயம் சிதறி வரும். தரையைப் பாத்துச் சுட்டு பயமுறுத்தலாம்னு யாராவது யோசனை சொன்னா காதுல வாங்காதீங்க. வானத்தைப் பாத்தும் கூடாது, வளவு திறந்தவெளிதான், போன குண்டு எங்கயோ ஒரு ஓட்டுக் கூரை மேல இறங்கும். கல்யாணத்துல சந்தோஷத்துக்குச் சுடுறதுக்கு 2019 திருத்தத்துலயே 2 வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்னு வச்சுட்டாங்க.

நான் என்ன முடிவு பண்ணினேன்னா, எங்க படுக்கிற அறைக்கு ஒரே வாசல், பர்மா தேக்குக் கதவு, உள்ள இருந்து தாழ். சத்தம் கேட்டா எல்லாரும் அந்த அறைக்குள்ள, கதவைத் தாழ் போட்டு, 100க்கோ 112க்கோ போன். வளவுல இறங்கித் தேடிப் போறது கிடையாது. அந்தக் கதவைத் தாண்டி ஒருத்தன் உள்ள வந்தாத்தான் ரிவால்வர், அப்ப தூரம் பத்து அடி, அவனுக்குப் பின்னாடி தடிச்ச சுவர். அந்தத் தூரத்துக்கு உருண்டை மூக்கு 32 லாங் போதும். மேக்னம் எதுக்குங்கிறேன்? மூடின அறையில பாயிண்ட் 32 சத்தமே காதைக் கிழிச்சுரும்.

சட்டத்தையும் இதோட சேர்த்துச் சொல்லிடுறேன், ஏன்னா இதுவும் தேர்வுல ஒரு பகுதிதான். 2024 ஜூலை 1ல இருந்து ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துருச்சு, தற்காப்பு உரிமை 34ல இருந்து 44 வரைக்கும் பிரிவுகள். 37வது பிரிவு சொல்றது என்னன்னா, போலீசைக் கூப்பிட நேரம் இருந்தா தற்காப்பு உரிமை இல்ல, இருந்தாலும் தேவைக்கு மேல தீங்கு செய்யக் கூடாது. சொத்தைக் காப்பாத்த உயிரை எடுக்கிற அளவுக்குப் போற உரிமை 41வது பிரிவுல, கொள்ளை, சூரியன் மறைஞ்சு உதிக்கிறதுக்குள்ள வீட்டை உடைச்சு நுழையுறது மாதிரி குறிப்பிட்ட சந்தர்ப்பத்துக்கு மட்டும். மாங்கா திருடுற பையனுக்கும், ஓடிப்போறவன் முதுகுக்கும் இதெல்லாம் பொருந்தாது. இதுல சந்தேகம் இருந்தா ஒரு வக்கீலைப் பாத்து ஒரு மணி நேரம் பேசுங்க.

கடையில

ஏற்கனவே சொன்னதோட சேர்த்து: டப்பாவுல லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில தயாரிச்ச சரக்கோட நம்பர், பாருங்க, முடிஞ்ச வரைக்கும் எல்லாம் ஒரே லாட்ல வாங்குங்க. ஒவ்வொரு தோட்டாவையும் வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, கூடு நசுங்கியிருக்கா, குண்டு ஆடுதா, பிரைமர் அடிமட்டத்துக்கு மேல துருத்திக்கிட்டு இருக்கா, எங்கயாவது பச்சைக் களிம்பு இருக்கா. இருந்தா அதை மட்டும் மாத்திக் கேளுங்க, வெக்கப்படாதீங்க, காசு குடுக்கிறது நீங்கதான். பிரைமர் துருத்திக்கிட்டு இருந்தா சிலிண்டர் சுத்தாம மாட்டிக்கும். எண்ணிக்கை, தேதி, கடை முத்திரை, எல்லாம் புக்குல ஏறினதுக்கு அப்புறம்தான் கடையை விட்டு இறங்கணும்.

லைசென்ஸ் உள்ள கடையைத் தவிர வேற எங்கயும் ஒரு தோட்டாகூட வாங்காதீங்க. சிநேகிதன்கிட்ட நாலு ரவுண்டு கைமாத்தா வாங்கினேன்னு சாதாரணமா சொல்றவங்க இருக்காங்க, என்னமோ சர்க்கரை கடன் வாங்கின மாதிரி. கணக்குல வராத தோட்டா ஆயுதச் சட்டத்துல தனிக் கேஸ். சுட்ட கூட்டுல வீட்டுலயே மருந்து போட்டு நிரப்புறதும் அதே ரகம்தான், தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேணும்.

சுட்டுப் பாக்காத தோட்டாவை நம்பாதீங்க

மதுரை, திருச்சிப் பக்கம் ரைபிள் கிளப் இருக்கு, உறுப்பினராச் சேர்ந்துக்கோங்க. ரவுண்டு கணக்கு குறைவா இருக்கேன்னு ஒன்னையும் சுடாம பொத்தி வச்சிருக்கிறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வரும், பட்டுப்புடவையா அது, பெட்டியில வச்சுப் பூட்ட? வாங்கின லாட்ல குறைஞ்சது ரெண்டு சிலிண்டர், 12 ரவுண்டு சுடுங்க. பன்னெண்டும் முதல் அடியிலயே வெடிக்குதா, கூடு சுலபமா வெளிய வருதா, பத்து அடியில ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள்ள விழுதா. இந்த மூணுக்கும் ஆமான்னா அதுதான் உங்க தோட்டா, மத்த ஆராய்ச்சியை நிறுத்திடலாம்.

ஹேமரை, அதாவது பின்பக்கம் இருக்கிற சுத்தியலை, பின்னாடி இழுத்து வச்சும் சுடுங்க, நேரா ட்ரிகரை இழுத்தும் சுடுங்க. ரெண்டாவது முறையில சில ரிவால்வர்ல ஊசி மெதுவா அடிக்கும், பிரைமர் கெட்டியா இருக்கிற லாட்ல அப்பப்ப "டிக்"குனு சத்தம் மட்டும் வரும். ஒன்னு ரெண்டு தடவை அப்படி ஆனா ஆர்மரர்கிட்ட ஸ்பிரிங்கைக் காட்டுங்க, தோட்டாவை மட்டும் குறை சொல்லாதீங்க.

டிக்குனு மட்டும் கேட்டா ரேஞ்சுல உடனே சிலிண்டரைத் திறக்காதீங்க. முனையை டார்கெட் பக்கமே வச்சு 30 செகண்ட் எண்ணுங்க, சில சமயம் மருந்து தாமதமா பத்தும். இன்னொன்னு இதைவிட மோசம்: வழக்கமான சத்தம் இல்லாம புஸ்ஸுன்னு ஒரு சத்தம், உதையும் இல்ல. குண்டு பேரல்லயே சிக்கியிருக்கலாம். அடுத்த குண்டைச் சுட்டீங்கன்னா பேரல் கிழிஞ்சுரும், விரலும் போயிரும். நிறுத்துங்க, இறக்குங்க, ரேஞ்சு ஆபீசரைக் கூப்பிடுங்க. காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி, சுட்டு முடிச்சு சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவணும், ஈயம்.

ரொம்பப் பழைய ரிவால்வர்னா ஆறு சேம்பர்ல அஞ்சு மட்டும் போட்டு ஹேமருக்கு நேரா இருக்கிறதைக் காலியா விடுங்க. கீழ விழுந்தா அடிபட்டு வெடிக்கிற மாதிரிதான் அந்தக் காலத்து அமைப்பு.

வைக்கிற இடம்

நம்ம வீட்டுல பித்தளைன்னா புளி போட்டு விளக்கணும்னு கை துருதுருங்கும். எங்க அப்பத்தா இருந்தப்ப வேலைக்கு இருந்த அம்மா ஒருத்தங்க குத்துவிளக்கோட சேர்த்து ஆறு தோட்டாவையும் பளபளன்னு விளக்கி வெயில்ல காய வச்சிருந்தாங்களாம், அப்பச்சி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க, சொல்லும்போது குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கும். புளியும் வேண்டாம், எலுமிச்சம்பழமும் வேண்டாம், கடையில விக்கிற பித்தளை பாலிஷ் வேண்டவே வேண்டாம், அதுல பலதுல அம்மோனியா இருக்கும், அது பித்தளைக் கூட்டைக் கண்ணுக்குத் தெரியாம விரிசல் விட வைக்கும்.

இந்த விரிசலுக்கு ஒரு கதையே இருக்கு, அதுவும் நம்ம நாட்டுக் கதை. வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுல இருந்த பட்டாளம் மழைக்காலத்துல தோட்டாவைக் குதிரை லாயத்துல வச்சிருந்துச்சு, மழை முடிஞ்சு எடுத்துப் பாத்தா கூடெல்லாம் விரிசல். சீசன் கிராக்கிங்னு பேர் வச்சாங்க, ஆனா காரணம் 1921 வரைக்கும் தெரியல. குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அம்மோனியாதான் வில்லன். மூணாங்கட்டுக்குப் பின்னாடி மாட்டுக் கொட்டகை இருக்கிற வீடுன்னா தோட்டாவை அந்தப் பக்கத்து அலமாரியில வைக்காதீங்கன்னு நான் சொல்றது அதனாலதான்.

எண்ணெய்யும் எதிரி. ரிவால்வருக்கு எண்ணெய் போட்ட கையோட தோட்டாவையும் தடவிடுவாங்க, துரு பிடிக்காதுன்னு நினைச்சு. அது பிரைமர் ஓரமா உள்ள இறங்கி மருந்தை நமத்துப் போக வச்சுரும். உலர்ந்த பருத்தித் துணியால துடைச்சா போதும். மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் துப்பாக்கிக்கும் தலைக்கும்.

நம்ம ஊர் சித்திரை வைகாசி வெயில் தெரியும்ல, மொட்டை மாடி அறையில, கார் டேஷ்போர்டுல வைக்காதீங்க. கீழ்க்கட்டுல தடிச்ச சுவர் உள்ள அறை எப்பவும் குளிர்ச்சியா இருக்கும், அங்க இரும்புப் பெட்டிக்குள்ள மூடி இறுக்கமான டப்பாவுல போட்டு, மருந்து பாட்டில்ல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலைப் போட்டு வைங்க. கோடை லீவுக்குப் பேரப்பிள்ளைங்க சென்னையில இருந்து வந்து வீட்டையே புரட்டிப் போடும், பத்தாயத்துல இருந்து பரண் வரைக்கும் ஒளிஞ்சு விளையாடும், அதனால "உயரத்துல வச்சிருக்கேன்"ங்கிறது எல்லாம் பாதுகாப்பு ஆகாது, பூட்டுதான் பாதுகாப்பு, சாவி உங்க இடுப்புல.

வருஷத்துக்கு ஒரு தடவை, நான் தை மாசம் பண்ணுவேன், இருக்கிற தோட்டாவை ரேஞ்சுல சுட்டுத் தீர்த்துட்டு புதுசு வாங்குங்க. காலிக் கூட்டைத் தூக்கிப் போடாதீங்க, சில இடத்துல அடுத்த தடவை வாங்கும்போது கணக்கு கேப்பாங்க.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம். ரேஞ்சுக்குக் கொண்டு போன பையைத் திருப்பி விமானப் பயணத்துக்கு எடுக்காதீங்க. ஓரத் தையல்ல ஒரே ஒரு தோட்டா மாட்டிக்கிட்டு இருந்தாலும் ஏர்போர்ட் ஸ்கேனர் காட்டிக் குடுத்துரும், மறந்துட்டேன்னு சொன்னாலும் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காம வர முடியாது. தேர்தல் வந்தா ஆயுதத்தை ஸ்டேஷன்லயோ கடையிலயோ ஒப்படைக்கச் சொல்லுவாங்க, அப்ப தோட்டாவையும் எண்ணிக் குடுத்து ரசீதுல எண்ணிக்கை போட்டு வாங்குங்க.

பெட்டகத்துல கிடக்கிற பழைய தோட்டாவை என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. எங்க வீட்டுலயே இருந்துச்சு, ஐயா ரங்கூன்ல இருந்து கொண்டு வந்த தகர டப்பாவுல பதினோரு தோட்டா, பச்சைக் களிம்பு பூத்து, எந்த போர்னே தெரியல. சுட்டுப் பாக்கலாம்னு தம்பி சொன்னான், ஊருணியில போட்டுருவோம்னு சித்தப்பா சொன்னாங்க. ரெண்டும் கூடாது. லைசென்ஸ்ல இல்லாத ஆயுதமும் தோட்டாவும் கையில இருந்தா ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள கடையிலயோ ஒப்படைக்கணும்னு ஆயுதச் சட்டம் 21வது பிரிவு சொல்லுது. நான் ஒரு வக்கீலோட போய் எழுதிக் குடுத்து, டப்பாவோட ஒப்படைச்சு, ஒப்புகைச் சீட்டு வாங்கிட்டு வந்தேன். எஸ்.ஐ. டப்பாவைத் திறந்து பாத்துட்டு, "தோட்டா போகட்டுங்க, இந்த டப்பா நல்லா இருக்கே"ன்னாரு. டப்பாவை மட்டும் திருப்பிக் குடுத்துட்டாரு, இப்ப ஆச்சி அதுல ஊசி நூல் வச்சிருக்கா.